ஒரு தேயிலைச் செடிக்கு எத்தனை அரசுகள்?

குன்னூரிலிருந்து கோத்தகிரி நோக்கிச் செல்லும் சாலையோரத்தில், அரை ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு வாழும் எளிய விவசாயி ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். அவரைப் போன்றோர் நீலகிரி மலையில் பல்லாயிரவர் உளர். அவர் தோட்டத்தில் நிற்கும் தேயிலைச் செடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு செடியை ஆளும் அரசு எது என்று கேட்டால், ஒரே சொல்லில் விடை கூற எவராலும் இயலாது.

செடி வேரூன்றி நிற்கும் நிலம், மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அச்செடியினின்று கிள்ளப்படும் கொழுந்து, தேயிலைத் தொழில் என்ற பெயரால் ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தோட்டத்தை அடுத்துள்ள சோலைக்காடு இரண்டு அரசுகளுக்கும் பொது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியும் நலனும் அவ்வாறே பொது. தேயிலையைத் தாமே விளைவித்துத் தாமே ஆலையில் பக்குவம் செய்து விற்போரின் வருமானமோ இரண்டாகக் கூறு போடப்பட்டது. 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் அதில் 40 விழுக்காட்டைத் தொழில் வருமானம் என்று ஒன்றியத்துக்கும், 60 விழுக்காட்டை வேளாண் வருமானம் என்று மாநிலத்துக்கும் பிரித்து வைத்தன.

இது குழப்பமா? அன்று. இதுதான் கூட்டாட்சி. அதிகாரத்தைப் பகுத்து வைப்பது குற்றமன்று. எவர், எப்போது, எந்த நியாயத்தின் பேரில் பகுத்தார் என்பதே வினா. சுயாட்சி, கூட்டாட்சி, மாநில உரிமை என்னும் சொற்கள் நம் மேடைகளில் நாள்தோறும் முழங்குகின்றன. முழங்குகிற நாம் அனைவரும் அவற்றின் பொருளை ஐயந்திரிபற அறிந்திருக்கிறோமா? அறிந்திருந்தால் நன்று, அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைக்கவும் வல்லோமாயின் மிக நன்று. அதற்கு நீலகிரியைவிடச் சிறந்த பாடசாலை வேறில்லை.

ஒன்றியம் என்ற சொல்லின் பொருள்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக இருந்தது. வெயில் ஏறியதும் ஆளுநர் மலையேறுவார்; அவரைத் தொடர்ந்து அதிகாரிகளும் கோப்புகளும் மலையேறும். ஆளுநர் இருக்குமிடமே அரசு! அவருக்கு அதிகாரம் மேலிருந்து வந்தது. மேலே இருந்தவருக்கு இலண்டனிலிருந்து வந்தது. கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ஒற்றையாட்சி.

கூட்டாட்சி என்பது இதற்கு மாறானது. அதன் முதல் இலக்கணம், இரண்டு அரசுகளும் தத்தம் அதிகாரத்தை ஒன்றிடமிருந்து மற்றொன்று பெறாமல், எழுதப்பட்ட அரசியல் சட்டத்திடமிருந்தே பெறுவதாகும். உதகை நகராட்சிக்கு அதிகாரம் அளிப்பது தமிழ்நாடு சட்டமன்றத்தின் சட்டம். ஆனால் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது நாடாளுமன்றம் அன்று, அரசியல் சட்டம். டில்லி நமக்கு மேலதிகாரி அன்று. நாம் டில்லியின் கிளை அலுவலகமும் அன்று.

இரண்டாவது இலக்கணம், எல்லைத் தகராறு எழுந்தால் தீர்த்து வைக்கத் தனியான நீதிமன்றம். மூன்றாவது, ஒரு தரப்பு மட்டும் மாற்றிவிட முடியாத அரசியல் சட்டம். நான்காவது, ஒன்றியத்தின் சட்டமியற்றும் அவையில் மாநிலங்களுக்குக் குரல்.

இந்த இலக்கணங்களை வைத்து நம் அரசியல் சட்டத்தை அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? முதற் பிரிவு இந்தியாவை “மாநிலங்களின் ஒன்றியம்” என்கிறது. மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு உண்டாக்கிய கூட்டு அன்று இது. ஆதலின் பிரிந்து செல்லும் உரிமையும் எவர்க்கும் இல்லை என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். ஒற்றுமை குலையாத கூட்டாட்சி என்ற அளவில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் துலாக்கோலின் முள் பல இடங்களில் டில்லிப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

அமெரிக்காவில் பட்டியலில் சொல்லப்படாத எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது, ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. இங்கே 248ஆம் பிரிவின்படி அது நாடாளுமன்றத்துக்கு உரியது. அமெரிக்கச் செனட் சபையில் சிறியதாயினும் பெரியதாயினும் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் 2 உறுப்பினர். இங்கே மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. ஒரு மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்ற 3ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டியதில்லை. 2019இல் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலமே 2 ஒன்றியப் பகுதிகளாக ஆக்கப்பட்டதைக் கண்டோம். அப்போது அங்கே கருத்துச் சொல்லச் சட்டமன்றமும் இல்லை!

மூன்று பட்டியல்கள்

ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்றாகப் பகுக்கிறது. 1950இல் ஒன்றியப் பட்டியலில் 97 இனங்கள். மாநிலப் பட்டியலில் 66. பொதுப் பட்டியலில் 47. பொதுப் பட்டியல் என்றதும் இருவர்க்கும் சமபங்கு என்று எண்ணிவிடலாகாது. அவ்வினத்தில் மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் முரண்பட்டால், 254ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் மட்டுமே மாநிலச் சட்டம் அம்மாநிலத்தளவில் தலைநிமிர்ந்து நிற்கலாம். அதையும் நாடாளுமன்றம் பின்னர் மாற்றிவிடலாம். பொது என்பது இரு சாவியுள்ள பூட்டு அன்று. ஒரு சாவி மற்றொன்றைச் செயலற்றதாக்கிவிடும் பூட்டு.

நம் தேயிலைக்கு வருவோம். தொழில்கள் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள இனம்தான். ஆயினும் பொதுநலன் கருதி ஒரு தொழிலை ஒன்றியம் தன் கட்டுப்பாட்டில் கொள்வது தகும் என்று நாடாளுமன்றம் சட்டத்தின் வாயிலாக அறிவித்துவிட்டால், ஒன்றியப் பட்டியலின் 52ஆம் இனம் அதைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தில் 2ஆம் பிரிவு அத்தகைய அறிவிப்பு. ஒரே ஒரு வாக்கியம்! அந்த வாக்கியத்தின் வலிமையால் தேயிலைத் தொழில் டில்லி வசம் சென்றது. 1954இல் தேயிலை வாரியம் அமைந்தது. அதன் தலைமையகம் கல்கத்தாவில். குன்னூரில் இருப்பது அதன் மண்டல அலுவலகம்.

பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று சிறு விவசாயிகள் போராடும் பொழுதெல்லாம் அவர்கள் முற்றுகையிடுவது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை; முறையிடுவது மாநில அமைச்சரிடம். ஆனால் கொழுந்துக்கும் தேயிலைத் தூளுக்கும் இடையே விலையைப் பங்கிடும் முறையை வகுத்தது, ஒன்றிய அரசு 2003இல் பிறப்பித்த தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை. மாநில அரசின் கையில் எஞ்சியது கூட்டுறவு என்ற இனம். அதைக் கொண்டு கூட்டுறவுத் தேயிலை ஆலைகளையும் அவற்றின் கூட்டிணையமான இண்ட்கோசர்வையும் அது நடத்தி வந்துள்ளது. நோய் ஓரிடம், மருந்துப் பெட்டி வேறிடம்! எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத போராட்டம் பாதி வலிமையை வழியிலேயே இழந்துவிடுகிறது.

வரியிலும் இதுவே நிலை. 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தத்தால் பொருள், சேவை வரி மன்றம் பிறந்தது. அதில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மாநிலங்கள் அனைத்தும் ஓரணியில் திரண்டாலும் ஒன்றிய அரசின்றி ஒன்றும் நடவாது!

காடு கைமாறிய கதை

1950இல் காடு மாநிலப் பட்டியலில் இருந்தது. காட்டு விலங்கும் பறவையும் அங்கேயே இருந்தன. முதுமலையில் 1940இல் அமைந்த சரணாலயம் மாநிலத்தின் பொறுப்பில் வளர்ந்தது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றம் விரும்பியபோது, நேரே இயற்ற அதற்கு உரிமை இல்லை. பல மாநிலச் சட்டமன்றங்கள் 252ஆம் பிரிவின்படித் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பின்னரே இயற்றியது. கேட்டுப் பெற்ற அதிகாரம் அது. கூட்டாட்சியின் நாகரிகம் அதுவே.

நான்கே ஆண்டுகளில் நாகரிகம் மறைந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் வந்தது. கல்வி, காடு, காட்டுயிர்ப் பாதுகாப்பு, எடையும் அளவும், நீதி நிருவாகம் என்னும் ஐந்தும் மாநிலப் பட்டியலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் பொதுப் பட்டியலில் நடப்பட்டன. 1977 ஜனவரி 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஏழாவது அட்டவணையைத் திருத்த, மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதல் வேண்டும் என்பது 368ஆம் பிரிவு கட்டிய காவல். அக்காவல் நம்மளவில் எப்படி இருந்தது தெரியுமா? 1976 ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு அரசு 356ஆம் பிரிவின்கீழ்க் கலைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டின் காடும் கல்வியும் கைமாறிய நாளில், வேண்டும் என்று சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே இல்லை! பின்னர் 43, 44ஆவது திருத்தங்கள் அந்நாளைய கொடுமைகள் பலவற்றைத் துடைத்தன. காடு திரும்பவில்லை, கல்வியும் திரும்பவில்லை.

1980இல் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு விட ஒன்றிய அரசின் முன் இசைவு கட்டாயமாயிற்று. 2023இல் அச்சட்டத்தின் பெயரும் மாறியது: வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்! தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் பணியரும் காட்டுநாயக்கரும் வாழும் மலையின் காட்டைக் காக்கும் சட்டத்தின் பெயரை, அம்மலையில் எத்தனை பேர் ஒரு மூச்சில் சொல்லிவிட முடியும்?

கூடலூர் நமக்குத் தந்த இரு வழக்குகள்

நீலகிரியின் மேற்குச் சரிவில் உள்ள கூடலூர் ஒரு காலத்தில் மலபாரின் வயநாட்டைச் சேர்ந்தது. 1877இல் நீலகிரியோடு இணைந்தது. அங்கே நிலம்பூர் கோவிலகத்தார் முதலிய ஜன்மிகளின் உடைமை, ஏறத்தாழ 80 ஆயிரம் ஏக்கர். அந்த ஜன்ம முறையை ஒழித்து இரயத்துவாரி முறையாக்க, 1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள இனம். இயற்ற முழு உரிமை உண்டு.

ஆனால் 1972இல், பால்மாடீஸ் தோட்ட நிறுவனத்தின் வழக்கில், ஜன்ம நிலத்துக் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. சட்டத்தைக் காக்க ஒன்பதாவது அட்டவணையின் துணை தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தத்தால் பிறந்த அந்த அட்டவணையில் ஒரு சட்டம் இடம்பெற்றால், அடிப்படை உரிமைக்கு முரண் என்ற காரணத்தால் அதைத் தள்ள முடியாது. ஆனால் அதில் இடம் தரக்கூடியது நாடாளுமன்றம் மட்டுமே! 1974இல் 34ஆவது திருத்தத்தால் கூடலூர்ச் சட்டம் அதில் ஏறியது. நமது உரிமையில் பிறந்த குழந்தைக்கு டில்லியில் குடை வாங்க வேண்டியதாயிற்று.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. ஐ. ஆர். கோயலோ வழக்கு என்ற பெயரில் வளர்ந்து, 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறிய சட்டங்கள், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம். அந்த நாள் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு நாள். அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு பிறந்த நாள். இது கூடலூரோடு முடிந்த செய்தி என்று எவரும் எண்ண வேண்டா. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது 1994இல், 76ஆவது திருத்தத்தால். கூடலூர்க் காட்டில் விழுந்த தீர்ப்பின் நிழல் நம் பிள்ளைகளின் கல்லூரி வாயில்வரை நீள்கிறது!

அதே கோட்பாட்டில் நமக்கு நன்மையும் உண்டு. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில், கூட்டாட்சியும் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்றும், 356ஆம் பிரிவின்கீழ் அரசைக் கலைப்பதும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் உச்ச நீதிமன்றம் உரைத்தது. நினைத்தபோது கலைக்கும் வழக்கம் அதன் பின்னரே தளர்ந்தது.

இரண்டாவது வழக்கு 1995இல் தொடங்கியது. கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுகின்றன என்று நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, உடைமை எவருடையதாயினும் அகராதிப் பொருளில் காடு என்பது எல்லாம் காடே என்றது. இந்தியா முழுமைக்கும் அதுவே சட்டமாயிற்று. காட்டைக் காத்த ஆணை அது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் தகராறு தீராத ஜன்ம நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஏழை மக்கள் பட்டாவுக்கும் மின்விளக்குக்கும் பல்லாண்டுகளாகக் காத்துக் கிடந்தனர். மாநில அரசைக் கேட்டால் வனச் சட்டம் என்றது. வனத்துறையைக் கேட்டால் நீதிமன்றம் என்றது. மின்கம்பம் ஒன்று நட மூன்று வாயில்கள்!

ஒப்பந்தம் ஒருவர், பொறுப்பு மற்றொருவர்

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால், இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அயல்நாட்டு ஒப்பந்தம் ஒன்றியப் பட்டியலில் உள்ள இனம். அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் வந்தோருக்கு வாழ்வளிக்க நிலம் தந்தது எது? நீலகிரியின் காட்டு நிலத்தில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. கையெழுத்து டில்லியுடையது, மண் தமிழ்நாட்டுடையது, உழைப்பு, மன்னாரைக் கடந்து வந்த ஏழைத் தொழிலாளியுடையது. கூட்டாட்சி என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

1969இல் தமிழ்நாடு அமைத்த இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1983இல் அமைந்த சர்க்காரியா ஆணையமும் மாநிலங்களின் குறைகளைக் கேட்டது. இருந்தும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தேங்கும் நிலை இந்நூற்றாண்டிலும் நீடித்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றது உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில், ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கவும் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் நீதிமன்றத்துக்கு இயலாது என்றது அரசியல் சட்ட அமர்வின் கருத்துரை. நீதிமன்றம் நமக்குத் துணைதான். ஆனால் துணையையே முழுமையாக நம்பி இருப்பவன் போராட்டக்காரன் ஆகான்.

ஆகவே, காடும் கல்வியும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும் என்கிறோம். எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கு வேண்டும் என்கிறோம். வரி மன்றத்தில் ஒன்றியத்தின் தடைவாக்கு நீங்க வேண்டும் என்கிறோம்.

இவ்வளவும் கேட்கும் நாம், நம்மை நோக்கியும் ஒரு வினா எழுப்பிக்கொள்வதே நேர்மை. நிலம் என்றும் நம் பட்டியலில்தான் இருந்தது. கூடலூர்ச் சட்டம் இயற்றி அரை நூற்றாண்டு கடந்தும் நிலத் தீர்வு முற்றுப்பெறாமல் இழுத்தது முழுவதும் டில்லியின் குற்றந்தானா? மாறி மாறி வந்த மாநில அரசுகளுக்கு அதில் பங்கில்லையா? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தில் மின்கம்பி, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு, கிராம சபையின் பரிந்துரையோடு உள்ளூர் வன அதிகாரியே இசைவளிக்க வழி செய்தது. அந்த வழியில் நாம் எத்தனை சிற்றூர்களை நடத்திச் சென்றோம்? டில்லியிடம் அதிகாரம் கேட்கும் சென்னை, கிராம சபைக்கு அதிகாரம் தர அஞ்சினால், அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிப்போகாதா? கூட்டாட்சி என்பது டில்லிக்கும் சென்னைக்கும் இடையே முடிந்துவிடும் வழக்கு அன்று; சென்னைக்கும் கூடலூருக்கும் இடையிலும் அது உண்டு.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று பட்டியல்களையும் எடுத்து வைத்துப் படியுங்கள். விவசாயி ஒருவர் கொழுந்து விலை பற்றிக் கேட்டால், அது எந்தப் பட்டியல் என்று சொல்லுங்கள். குடியிருப்போர் பட்டா கேட்டால், அது நம் கடமை என்று ஒப்புக்கொண்டு அதற்காக நம் அரசையே கேளுங்கள். காட்டைப் பற்றிக் கேட்டால், 1976இல் நடந்ததை எடுத்துரையுங்கள். எது நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது, எது நம்மிடம் இருந்தும் செய்யப்படவில்லை என்று பிரித்தறிந்து பேசும் தொண்டனின் சொல்லை டில்லியும் தட்டமுடியாது. கூடலூரில் விளக்கின்றி இருக்கும் குடும்பமும் ஐயுறாது.